அலைவரி மரக் கிற்றாரின் பூச்சில் தோன்றும் கோளாறுகள்: கொழும்புக் காற்றில் அறிகுறி பார்த்துத் திருத்தும் முறை

மரத்தின் நார்கள் நேராக ஓடாமல் அலையாக நெளிந்து வளர்ந்திருந்தால், அறுத்த பலகையின் முகத்தில் ஓரிடத்தில் நாரின் பக்கமும் அடுத்த இடத்தில் நாரின் வெட்டுமுனையும் மாறி மாறி வெளிப்படுகின்றன. பக்கம் ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. முனை அதனை விழுங்குகிறது. கிற்றாரைக் கையில் எடுத்துச் சாய்க்கும்போது வரிகள் நகர்வதுபோலத் தெரிவது இதனால்தான். பூச்சு வேலையில் வரும் தொல்லைகளில் பாதிக்கும் இதே அமைப்புத்தான் காரணம், ஏனெனில் அந்த முனைகள் சாயத்தையும் நீரையும் எண்ணெயையும் பக்கங்களைவிட மிக அதிகமாக உறிஞ்சுகின்றன. மீதிப் பாதி கொழும்பின் காற்றிலிருந்து வருகிறது. குளிர்நாடுகளுக்காக எழுதப்பட்ட வழிமுறைகளை இங்கே வரிக்கு வரி பின்பற்றுவோர் முதல் இரண்டு கிற்றார்களிலேயே அதனை உணர்ந்துவிடுவார்கள்.

என் பட்டறை வெள்ளவத்தையில், கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், வீட்டின் பின்புற அறையில் இருக்கிறது. கீழே உள்ளவை அந்த அறையில் திரும்பத் திரும்பக் கண்ட கோளாறுகள். எதனைத் திருத்தத் தொடங்கு முன்னரும் இரண்டு செயல்களைச் செய்யுங்கள். கோளாறு கண்ணில் பட்டவுடன் தெளிப்பானைக் கீழே வையுங்கள். அடுத்த பூச்சு முந்தைய பிழையை மூடாது, கண்ணாடி வைத்ததுபோல் பெரிதாக்கிக் காட்டும். பிறகு, உடற்பகுதியை வெட்டும்போது மிஞ்சிய அதே பலகையின் துண்டொன்றை எடுத்து, திருத்தத்தை முதலில் அதிலே செய்து பாருங்கள்.

தெளித்த சில நிமிடங்களில் பூச்சு பால்போல் வெளுக்கிறது

கிற்றார்களுக்குத் தெளிக்கும், விரைவில் காயும் பூச்சான நைட்ரோசெலுலோஸ் லக்கரில் (சுருக்கமாக நைட்ரோ) கொழும்புக்காரர் எவரும் தப்ப முடியாத கோளாறு இது. லக்கரிலுள்ள கரைப்பான் விரைவாக ஆவியாகும்போது, மேற்பரப்பின் வெப்பத்தை எடுத்துக்கொண்டு செல்கிறது. 30 பாகை செல்சியஸ் வெப்பமும் 80% ஈரப்பதனும் உள்ள காற்றில் பனிபடுநிலை ஏறத்தாழ 26 பாகை; அதாவது, பூச்சின் முகம் நான்கு பாகை குளிர்ந்தாலே காற்றிலுள்ள நீராவி அதன்மேல் நீராகப் படியத் தொடங்கும். அதே வெப்பத்தில் ஈரப்பதன் 60% ஆக இருந்தால் பனிபடுநிலை 21 பாகையளவுக்கு இறங்கிவிடுகிறது. அப்போது எட்டு பாகைக்கு மேற்பட்ட இடைவெளி கிடைப்பதால் பூச்சு தெளிவாகக் காய்கிறது.

வெளுப்பைக் கண்டவுடன் அரத்தாளை எடுக்க வேண்டாம். மெல்லிய வெளுப்பு, அடுத்த நாள் நண்பகலில் காற்று வறண்டதும் தானாகவே தெளிவதுண்டு. தெளியாவிட்டால், ரிட்டாடர் எனப்படும் மெதுவாக ஆவியாகும் கரைப்பானைத் தின்னருடன் கலந்து, லக்கர் எதுவும் சேர்க்காமல், மிக மெல்லிய தூறலாக ஒருமுறை தெளியுங்கள். நைட்ரோ பூச்சு தன் கரைப்பானில் மீண்டும் இளகும் தன்மையுடையது. இளகும்போது சிறைப்பட்ட நீர் வெளியேறிவிடுகிறது. அடுத்த பூச்சுகளுக்கு ரிட்டாடரை லக்கரிலேயே 5% அளவில் சேர்த்துக்கொள்ளலாம். அளவை மீறினால் வெளுப்பு வராது, ஆனால் பூச்சு வாரக்கணக்கில் இளகியே இருக்கும். நகம் பட்டால் தடம் விழும்.

வராமல் தடுப்பது நேரம் பார்ப்பதில் இருக்கிறது. கொழும்பில் விடியற்காலை ஈரப்பதன் 90 விழுக்காட்டை நெருங்குகிறது. மழையில்லாத நாளில் நண்பகலுக்குப் பின்னர் 70 விழுக்காட்டின் அண்டைக்கு இறங்குகிறது. ஆகவே பதினொரு மணிக்கு முன்னர் நான் தெளிப்பானைத் தொடுவதில்லை. சனவரி, பெப்ரவரி மாதங்களில் வேலை சுகமாக நடக்கும்; ஒக்டோபர், நவம்பரில் பிற்பகல் இடிமழை பெரும்பாலும் சொல்லி வைத்தாற்போல் வந்துவிடும். ஈரமானியொன்று அறைச் சுவரில் இருந்தால் ஊகிக்க வேண்டியதில்லை.

நல்ல நோக்கத்துடன் செய்யப்படும் ஒரு தவறையும் இங்கே சொல்ல வேண்டும். கிற்றாரின் உடலை ஏசி அறையில் வைத்துக் "காய வைத்துவிட்டு", வெளியே கொண்டுவந்து உடனே தெளிப்பார்கள். ஏசி வாகனத்திலிருந்து காலி வீதியில் இறங்கியதும் மூக்குக்கண்ணாடி மங்குகிறதல்லவா, அதுவே அந்த மரத்தின் முகத்திலும் நடக்கிறது, கண்ணுக்குத்தான் தெரிவதில்லை. 22 பாகையில் கிடந்த உடல், வெளிக்காற்றின் வெப்பத்துக்கு வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். கையின் பின்புறத்தை வைத்துப் பார்த்து, குளிர்ச்சி தெரியாதபோது தொடங்குங்கள். தெளிக்கும் அறையையே ஏசியால் வறட்டுவதென்றால், தெளிப்பதற்கு முன்னர் அதனை நிறுத்திவிடுங்கள். நைட்ரோ ஆவி ஒரு பொறிக்காகக் காத்திருக்கும் பொருள்.

சாயம் திட்டுத்திட்டாகப் பிடிக்கிறது, வரி சேறு படிந்ததுபோல் மங்குகிறது

முதலில் பார்க்க வேண்டியது, பூசியது சாயமா நிறமியா என்பதை. பழைய சோனகத் தெருக் கடைகளில் மரவேலைக்கென்று கேட்டால் கிடைக்கும் ஸ்டெயின்களில் பல, நுண்ணிய நிறமித்தூள் கலந்தவை. கதவுக்கும் கட்டிலுக்கும் அவை பொருத்தமானவை. கிற்றார் முகத்துக்கு எடுக்கும் அலைவரி மேப்பிள் மரத்தில் அந்தத் தூள் நார்களின் மேல் படிந்து, ஒளி உள்ளே சென்று திரும்புவதைத் தடுத்துவிடுகிறது. கரைசலாக முழுமையாகக் கரையும் சாயமே இங்கு வேண்டும். ஒரு கண்ணாடிக் குவளையில் ஊற்றி ஓரிரவு வையுங்கள். அடியில் மண்டி தேங்கினால் அது நிறமி.

சாயம் சரியாக இருந்தும் திட்டு விழுந்தால், குற்றம் தேய்ப்பில் இருக்கிறது. விளக்கைப் பலகையின் மட்டத்துக்குத் தாழ்த்திப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். சுழல் தேய்ப்பான் விட்டுச்சென்ற சுருள் கீறல்கள் ஒவ்வொன்றும் சாயத்தைக் குடித்து நிற்பது தெரியும். அரத்தாளில் 150 ஆம் எண்ணிலிருந்து 180, பின்னர் 220 என்று எண் தாண்டாமல், கடைசிச் சுற்றைக் கையாலும் கட்டையாலும் நாரின் போக்கிலேயே தேய்க்க வேண்டும். அதன்பின் நீர் தொட்ட துணியால் ஒருமுறை துடைத்து, எழும் மயிர்நார்களை 320 ஆல் மெல்ல எடுத்துவிட்டால், நீர்ச் சாயம் போடும்போது முகம் சொரசொரப்பாக எழாது.

வரியை எடுத்துக்காட்ட நான் நம்பும் முறை, முதலில் கறுப்பு, பிறகு தேய்ப்பு, பிறகு நிறம் என்பதாகும். கறுப்புச் சாயத்தை ஸ்பிரிட்டில் (மெதிலேற்று மதுசாரம்) மிக மெல்லிதாகக் கரைத்து முழு முகத்துக்கும் பூசுங்கள். கிற்றார் பாழாகிவிட்டது என்று நெஞ்சு துணுக்குறும், பொறுங்கள். காய்ந்தபின் 320 தாளைக் கட்டையில் சுற்றித் தேய்க்கத் தேய்க்க, பக்கநார் இருந்த இடங்களில் கறுப்பு நீங்கி மரத்தின் வெண்மை திரும்புகிறது, முனைநார் இருந்த வரிகளில் மட்டும் சாம்பல் நிறம் ஆழத்தில் தங்குகிறது. விரல் வைத்துத் தேய்த்தால் பள்ளம் விழும், ஆகவே கட்டை கட்டாயம். வரிக்கு வரி வேறுபாடு தெளிந்ததும் நிறுத்தி, தேன் நிறமோ சிவப்போ, வேண்டிய சாயத்தை அதன்மேல் ஏற்றுங்கள். ஒரே அடர்ந்த கரைசலைவிட மூன்று மெல்லிய கரைசல்கள் நல்லவை. மிகுந்தால் குறைப்பது கடினம். சாயத்தை மீறித் திட்டு விழும் மென்மையான மேப்பிள் வகைகளில், மெழுகு நீக்கிய அரக்கை (ஷெல்லாக்) ஒரு லீற்றர் ஸ்பிரிட்டில் அறுபது கிராம் அளவுக்கு நீர்த்துப் பூசிவிட்டுச் சாயம் இட்டால் உறிஞ்சல் சமப்படும். அதற்கு விலையாக வரியின் முனைப்பும் சற்றுக் குறையும்.

நிறம் ஏறாத வெள்ளைத் தடங்கள்

இது பசை. முகத்தட்டின் இரு பாதிகளை ஒட்டியபோது பிதுங்கிய வெண்பசையை ஈரத் துணியால் துடைத்திருப்பீர்கள். துடைப்பது பசையை நீர்த்து நாருக்குள் செலுத்துகிறது. மேலும் தேய்ப்பதைவிடத் தகட்டுச் சுரண்டியால் மெல்லிய சுருளாக எடுப்பதே சுத்தமான வழி. அடுத்த முறை, பசை ரப்பர் பதத்துக்கு வரும்வரை காத்திருந்து உளியால் சீவி எடுங்கள்.

நீலம் பூசினேன், பச்சையாகிவிட்டது

மேப்பிளில் இயல்பாகவே சிறு மஞ்சள் இருக்கிறது. அதற்கு மேல் நைட்ரோ லக்கரும் ஆளி எண்ணெயும் மஞ்சள் சாய்ந்தவை. காலத்துடன் இன்னும் மஞ்சளாகும். நீலமும் மஞ்சளும் சேர்ந்தால் என்ன நிறம் என்பது பள்ளிக்கூடப் பாடம். சாயத்தில் ஊதாவைச் சில துளிகள் சேர்த்து மஞ்சளை அடக்கலாம். அடியில் எண்ணெய் இடாதிருக்கலாம். மேற்பூச்சுக்கு, நிறமற்ற நீர்வழி லக்கரையோ இருகூற்றுப் பொலியூரிதேனையோ தேர்ந்தெடுக்கலாம். பின்னது வாகனப் பூச்சுக் கடைகளில் எளிதாகக் கிடைக்கிறது, ஆனால் அதன் இறுக்கியில் ஐசோசயனேற்று இருக்கிறது. சாதாரண முகக்கவசம் அதற்குப் போதாது. வெளிக்காற்றைக் குழாயில் தரும் கவசம் இல்லாதவர்கள் அதனை வாகனப் பூச்சுப் பட்டறையில் கொடுத்துத் தெளிப்பிப்பதே நல்லது.

சிவப்பு வெளிறிவிடுகிறது என்ற முறைப்பாடும் இதற்கு அயலானது. 1958 முதல் 1960 வரை கிப்சன் நிறுவனம் செய்த, நடுவில் வெளிர்ந்தும் ஓரத்தில் அடர்ந்தும் நிறமேற்றிய சன்பேர்ஸ்ட் லெஸ் போல் கிற்றார்களில் பல, சிவப்பு மறைந்து தேன் நிறமாக நிற்பது அக்காலச் சிவப்புச் சாயம் வெயிலைத் தாங்காததால்தான். அவை இன்று அந்த வெளிறலுக்காகவே விரும்பப்படுகின்றன. உங்கள் வாடிக்கையாளர் விரும்புவாரா என்பது வேறு கேள்வி. உலோகச் சேர்மச் சாயங்கள் ஒளியை அதிகம் தாங்கும்.

ஒரு பாதி வெளிச்சம், ஒரு பாதி இருட்டு

புத்தகம்போல் விரித்து ஒட்டிய இரு பாதிகளில் ஒன்று எப்போதும் மங்கலாகத் தெரிகிறது என்று, பூச்சை இரண்டுமுறை உரித்தவர்களைக் கண்டிருக்கிறேன். உரிக்க வேண்டியதில்லை. பலகையில் நார் முகத்துக்குச் சரிவாக ஓடியிருந்தால், விரிக்கும்போது அந்தச் சரிவு ஒரு பாதியில் கழுத்தை நோக்கியும் மறு பாதியில் அடியை நோக்கியும் திரும்பிவிடுகிறது. கிற்றாரைத் தலைகீழாகப் பிடியுங்கள். இருட்டு மற்றப் பாதிக்கு மாறிவிடும். இது பூச்சால் தீராது. பலகை தெரிவு செய்யும்போதே பக்க விளிம்பில் நாரின் போக்கைப் பார்த்து, சரிவு குறைந்ததை எடுத்திருக்க வேண்டும்.

கடையில் கண்ட வரி, செதுக்கியபின் காணவில்லை

ஈரத் துணியால் துடைத்துக் காட்டினால் எந்தப் பலகையும் அழகாகத்தான் இருக்கும். காய்ந்த நிலையிலும் வரி தெரிய வேண்டும். முகத்தில் மட்டுமல்லாமல் விளிம்பிலும் பின்புறத்திலும் அதே நெளிவு தொடர வேண்டும். அறுத்த விதமும் உண்டு. அலைவரி, வளர்ச்சி வளையங்கள் முகத்துக்குச் செங்குத்தாக நிற்கும் பலகையில் கூர்மையாகத் தெரியும்; மெத்தைபோல் குமிழும் குவில்ட் வரி, வளையங்களுக்கு இணையாகத் தட்டையாக அறுத்த பலகையில்தான் விரியும். குவில்ட் பலகையை வளைவாகச் செதுக்கினால், ஓரங்களில் வளையங்களின் கோணம் மாறுவதால் வரி கரைந்துபோகும். அதற்குத் தட்டையான முகமே ஏற்றது.

மேப்பிள் இங்கே இறக்குமதிச் சரக்கு, விலையும் அதற்கேற்றது. எனவே நம் மரங்களைப் பற்றிக் கேட்பவர்களுக்கு, பூ விழுந்த முதிரையைத்தான் நான் முதலில் சொல்வேன். வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் பழைய வீட்டுக் கதவுநிலைகளில் பார்த்த அதே முதிரை. பொன்னிறத்தில் ஓடும் அதன் வரிக்குச் சாயமே தேவையில்லை, தெளிந்த பூச்சு போதும். அது மேப்பிளைவிடக் கணிசமாகக் கனம் கூடியது. முகத்தட்டு 6 மில்லிமீற்றர் தடிப்புக்குள் இருந்தால், கிற்றாரின் எடை ஏறத்தாழ 150 முதல் 200 கிராம் மட்டும் கூடும், 15 மில்லிமீற்றரில் செதுக்கினால் தோள் முறைப்பாடு செய்யும். அதன் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பையும் தடிப்பையும் உண்டாக்கும். நீண்ட கைச் சட்டையும் முகக்கவசமும் வேண்டும். நிற்கும் மரத்தை வெட்டவும் பலகையைக் கொண்டுசெல்லவும் அனுமதிப்பத்திரம் தேவைப்படுவதால், இடிக்கும் வீடுகளிலிருந்து வரும் அலுமாரிக் கதவுகளே என் போன்றவர்களுக்கு நல்ல மூலம். பல பத்தாண்டுகள் உலர்ந்த மரம் அது. அதற்கும் ஒரு விலை இருக்கிறது, அடுத்த அறிகுறியில் வருகிறது.

பூச்சில் வட்டக் குழிகள், மீன்கண் போல

தெளித்த கணத்தில் லக்கர் ஒரு புள்ளியிலிருந்து விலகி ஓடி, நடுவில் வெறும் மரம் தெரிய வட்டமாக நிற்கும். அங்கே எண்ணெயோ மெழுகோ சிலிக்கோனோ இருக்கிறது. அலுமாரிக் கதவில் தலைமுறையாகத் தேய்த்த பொலிஷ், நாருக்குள் ஊறியிருக்கும். புதிய மரத்தில், அதே அறையில் யாரோ தெளித்த தளபாடப் பளபளப்பானோ, கைவிரலின் தேங்காயெண்ணெயோ போதும். வைட் ஸ்பிரிட் (பெற்றோலியக் கரைப்பான்) நனைத்த துணியால் துடைத்து, ஒவ்வொரு துடைப்புக்கும் துணியின் முகத்தை மாற்றுங்கள். ஒரே துணியால் துடைப்பது எண்ணெயைப் பரப்புவதாகவே முடியும். பின்னர் மெழுகு நீக்கிய அரக்கை இரண்டு மெல்லிய பூச்சாகத் தடையாக இட்டு, அதற்கு மேல் லக்கர் தெளிக்கலாம். மீன்கண் போக்கி என்று விற்கப்படும் திரவங்கள் பொதுவாகச் சிலிக்கோன்தான்; ஒருமுறை ஊற்றினால் தெளிப்பானும் அறையும் அதற்கே பழகிவிடும். நான் பயன்படுத்துவதில்லை.

குழிகள் சிறு நீர்த்துளி அளவில் சிதறியிருந்தால், தெளிப்பானுக்குக் காற்றூட்டும் அமுக்கியின் தொட்டியைத் திறந்து பாருங்கள். கொழும்புக் காற்றை அமுக்கினால் அதிலுள்ள நீர் தொட்டியில் தேங்கும். ஒருநாள் வேலைக்குப் பின் அடித்திருகைத் திறந்தபோது தேநீர்க் கோப்பையில் பாதியளவுக்குத் துருநிற நீர் ஒழுகியதைப் பார்த்த பிறகு, காலையிலும் மாலையிலும் அதனைத் திறப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். காற்றிலிருந்து நீரைப் பிரிக்கும் நீர்ப்பொறி, தெளிப்பானுக்கு அருகில் இருப்பதே நல்லது.

சில வாரங்களின் பின் இணைப்புக் கோடும் துளைகளும் மேலெழுந்து தெரிகின்றன

மெருகேற்றிய அன்று கண்ணாடியாக இருந்த முகத்தில், ஒரு மாதத்தில், முகத்தட்டை ஒட்டிய மகோகனி உடலின் துளைகள் ஊசிக் குத்துகளாகவும், நடு இணைப்பு நகம் தட்டும் விளிம்பாகவும் வெளிவரும். துளைகளுக்குக் காரணம் அவசரம். துளைநிரப்பி காய்வதற்கு முன்னர் சீலர் எனும் அடிப்பூச்சைப் போட்டால், அது பூச்சுக்குக் கீழே சுருங்கிக்கொண்டே இருக்கும். எண்ணெய்வழி நிரப்பிக்கு மழைக்காலத்தில் ஒரு வாரம் கொடுக்கிறேன். மணம் முற்றாக நீங்கும்வரை அடுத்த பூச்சு இல்லை. திருத்துவதற்கு, காய்ந்த பூச்சை 400 தாளால் மட்டமாக்கி, மேலும் இரண்டு பூச்சுகள் கொடுத்து, மீண்டும் காக்க வேண்டும்.

இணைப்புக் கோட்டுக்குக் காரணம் ஈரம். 80% ஈரப்பதனில் மரம் தன் உலர் எடையில் 15 முதல் 16 விழுக்காடு வரை நீரைத் தாங்கிச் சமநிலையடைகிறது; 55 விழுக்காட்டில் வைத்த ஏசி அறையில் அது 10 விழுக்காட்டளவுக்கு இறங்கும். திறந்த பட்டறையில் செய்த கிற்றார், வாங்கியவரின் ஏசி அறையில் தொங்கினால் சுருங்காமல் என்ன செய்யும்? முழுப் பச்சையிலிருந்து முற்றாக உலரும்வரை, தட்டையாக அறுத்த வன்மேப்பிள் அகலவாக்கில் ஏறத்தாழ 10% சுருங்குகிறது. மகோகனி அதில் பாதிக்கும் குறைவாகவே சுருங்குகிறது. இரண்டையும் ஒட்டிய ஓரத்தில் விளிம்பு எழுவது இந்த வேறுபாட்டால். நன்கு காய்ந்தது என்ற வாக்குறுதியுடன் ஒரு வியாபாரியிடம் வாங்கிய மகோகனிப் பலகையை, வந்த நாளில் நிறுத்துத் திகதியுடன் அதன்மேலேயே பென்சிலால் எழுதினேன். ஏசி அறையில் ஆறு வாரங்களில் அது 4 கிலோவிலிருந்து 3 கிலோ 680 கிராமுக்கு இறங்கியது. அந்தப் பலகையை முதல் வாரத்திலேயே வெட்டியிருந்தால், அந்த நீர் முழுவதும் பூச்சுக்குக் கீழேதான் வெளியேறியிருக்கும். சமையலறைத் தராசு போதும்: இரண்டு வாரங்களுக்கு எடை மாறாதபோது வெட்டுங்கள். ஒட்டும் நாளிலும், தெளிப்பு நாட்களுக்கு இடையிலும், மரம் அதே வறண்ட அறையில் இருக்கட்டும். தெளிப்பதற்கு மட்டும், மேலே சொன்னபடி வெப்பம் சமப்படுத்தி வெளியே எடுங்கள்.

வரியின் மேல் சிறு செதில்கள் பெயர்ந்த குழிகள்

சீவுளி அலையை எதிர்த்து ஏறும் இடங்களில் நார் முறிந்து பெயர்கிறது. அலகைக் கூர்தீட்டுவது முதற்கடன். அதன்பின்னும் பெயர்ந்தால், அலகின் முகப்பக்கத்தில் சிறு எதிர்ச்சரிவு தீட்டி வெட்டுக்கோணத்தை 60 பாகையளவுக்கு உயர்த்துங்கள், அல்லது சீவுளியை விட்டுத் தகட்டுச் சுரண்டிக்கு மாறுங்கள். ரூட்டரில் (சுழலும் அலகால் மரத்தைக் குடையும் கருவி) ஒருமுறைக்கு ஒரு மில்லிமீற்றருக்கு மேல் எடுக்க வேண்டாம். பெயர்ந்த குழியை மரத்தூளும் பசையும் கொண்டு நிரப்புவது சாயம் ஏறாத புள்ளியாகவே முடியும். முகம் முழுவதையும் அந்த ஆழத்துக்கு இறக்குவதே வழி.

மெருகேற்றும்போது தீவுகள் போன்ற வளையக் கோடுகள்

பொலியூரிதேன் பூச்சுகள் ஒன்றோடொன்று உருகிச் சேர்வதில்லை. மேலடுக்கைத் துளைத்துக் கீழடுக்கைத் தொட்டால் அதன் எல்லை கோடாகத் தெரியும். மட்டமாக்கியபின் கடைசியாக ஒரு முழுப் பூச்சு கொடுத்து, அதனை மட்டும் மெல்ல மெருகேற்றுங்கள். நைட்ரோவில் இது அரிது.

பூச்சு காயவே இல்லை, கை ஒட்டுகிறது

தேக்கும் சில றோஸ்வூட் வகைகளும் இயற்கை எண்ணெய் உள்ளவை. அந்த எண்ணெய் எண்ணெய்வழிப் பூச்சுகளையும் சில பொலியூரிதேன்களையும் இறுகவிடாது. பூச்சை நீக்கி, ஸ்பிரிட்டால் துடைத்து, துடைத்த மணி நேரத்துக்குள் மெழுகு நீக்கிய அரக்கைத் தடையாக இடுங்கள். மற்ற மரங்களில் ஒட்டினால், ரிட்டாடர் மிகுந்ததா, பூச்சுகளுக்கிடையே நேரம் குறைந்ததா என்று பாருங்கள். மூக்கை முகத்துக்கு அருகே கொண்டுபோய்த் தின்னர் மணம் வந்தால் இன்னும் காயவில்லை. நைட்ரோவுக்கு மெருகேற்றும் முன் நான்கு வாரங்கள், மழைக்காலத்தில் ஆறு.

முழுமையாகக் காய்ந்த கிற்றாரில், அதனை நிறுத்தி வைக்கும் தாங்கி தொட்ட இடம் மட்டும் பிசுபிசுத்தால், குற்றம் அந்தத் தாங்கியின் ரப்பரில் இருக்கிறது. ரப்பரிலும் வினைல் தோள்பட்டியிலும் உள்ள இளக்கிப் பொருள் நைட்ரோவுக்குள் ஊர்ந்து அதனை உருக்குகிறது. அந்த இடத்தை 800 தாளால் எடுத்துப் புதிதாகத் தெளித்த பின், தாங்கியின் கைகளுக்குப் பருத்தித் துணி சுற்றிக் கட்டுங்கள்.